நாவலாசிரியரின் ஒரு நாளில் வாசகர் கடிதம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் நாவலாசிரியர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று நடுப்பக்கம் முழுக்க ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். விடிகாலையில் எழுந்துவிடுவது, கைபேசியை அணைத்து அடுத்த அறையில் வைத்துவிடுவது, ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை என்று கணக்கு வைத்துக்கொள்வது, மேசையில் என்ன பேனா, காபியா டீயா, எல்லாம் இருந்தது. படங்களும் பிரமாதம். ஆனால் படித்து முடித்தபோது, இவர்களுக்கெல்லாம் வாசகர் என்று ஒருத்தராவது இருக்கிறாரா இல்லையா என்ற சந்தேகம்தான் எனக்கு வந்தது. ஒரு எழுத்தாளரிடமாவது "உங்களுக்கு என்ன கடிதம் வருகிறது, அதை என்ன செய்கிறீர்கள், பதில் போட எவ்வளவு நேரம் ஆகிறது" என்று உங்கள் நிருபர் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத்தாளன் இல்லை. மதுரையில் பைண்டிங் கடை வைத்திருந்தவன். அப்பா காலத்துக் கடை. கணக்குப் பேரேடு, கோவில் ரசீது புத்தகம், காலேஜ் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டு, இவைதான் சோறு போட்டவை. ஆனால் அதோடு இன்னொரு வேலையும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துக்கொண்டு வருவார்கள், "இதைப் புஸ்தகமா கட்டிக் குடுங்க" என்று. பெரும்பாலும் பெண்கள் சேர்த்தது, கொண்டுவருவது வீட்டு ஆண்களோ பள்ளிக்கூடப் பிள்ளைகளோ. மஞ்சள் பைக்குள் செய்தித்தாள் சுற்றி, சணல் போட்டுக் கட்டியிருக்கும். பிரித்துப் பார்த்தால் வாரம் தவறாமல் அடுக்கியிருப்பார்கள். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து, யாரிடமோ கடன் வாங்கிப் படித்ததைக் கையாலேயே எழுதி வைத்த வாசகியும் உண்டு. அந்த நாலு பக்கத்தையும் சேர்த்துத்தான் தைத்தேன்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. பத்திரிகையில் தொடர்கதை ஒரு பக்கம் என்றால் அதன் பின்பக்கம் வேறு ஏதாவது இருக்கும். பல்பொடி விளம்பரம், ஜோக்கு, சமையல் குறிப்பு, சில சமயம் வாசகர் கடிதம். பின்பக்கம் கதை இல்லாத தாளில் அந்தப் பக்கத்தை மறைக்க வெள்ளைத்தாள் ஒட்டித்தரச் சொல்வார்கள் சிலர். கதை மட்டும் ஒழுங்காகத் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் குப்பை. கடிதப் பக்கத்தைத் தனியாகச் சேர்த்துக் கட்டச் சொல்லி ஒரு ஆள்கூட வந்ததில்லை. எங்கள் தொழிலில் அது வழக்கமே இல்லை. அதனால் ஊரெல்லாம் வீட்டுப் பரணில் பைண்டு செய்த தொடர்கதைகள் கிடக்கின்றன. அந்தக் கதை வந்துகொண்டிருந்தபோது வாரா வாரம் ஜனங்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் அவற்றில் இருக்காது.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். அதில் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரொலோப்பைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. தபால் இலாகாவில் வேலை பார்த்தவர், விடிகாலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார், கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்று எழுதுவார், அப்புறம் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார் என்று. எல்லாம் சரிதான், அவரே தன் சுயசரிதையில் எழுதியதுதான். ஆனால் அதே புத்தகத்தில் இன்னொன்றும் சொல்கிறார். லண்டனில் ஒரு கிளப்பில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு பாதிரிமார்கள் இவருடைய நாவலைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அதே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறாரே என்று, முக்கியமாக அந்த பிஷப்பின் மனைவி மிஸஸ் பிரௌடியைப் பற்றி. இவர் எழுந்துபோய், அந்த ஆசிரியன் நான்தான், வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்குள் அவளைக் கொன்றுவிடுகிறேன் என்கிறார். கொன்றும்விட்டார். அப்புறம் அவள் போனதை நினைத்து வருத்தமும் பட்டிருக்கிறார். கால் மணிக்கு 250 வார்த்தை என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, இது யாருக்கும் நினைவில்லை. எனக்கென்னவோ அந்த மனிதரைப் புரிந்துகொள்ளக் கடிகாரத்தைவிட இதுதான் உதவுகிறது.

நம் ஊரில் இது இன்னும் அதிகம். தமிழில் நாவல் என்பதே ரொம்பக் காலம் வாரப் பத்திரிகையில் வளர்ந்தது. எழுதுகிறவர் நாவலை முடித்துவிட்டு வாசகருக்குக் கொடுப்பதில்லை. வாசகர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதுகிறார். கல்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே வரை வந்தது. மூன்றரை வருஷம். அது வந்த 'கல்கி' பத்திரிகைக்கு அவர் ஆசிரியரும்கூட. தலையங்கம், விமரிசனம், கூட்டம், இதற்கெல்லாம் நடுவில் வாரா வாரம் வந்தியத்தேவனை எங்கேயாவது கொண்டுபோய் மாட்டிவிட்டாக வேண்டும், ஓவியர் மணியம் படம் போட வேண்டும், அச்சுக்குப் போக வேண்டும். இந்த வாரம் மனசு சரியில்லை, அடுத்த மாதம் எழுதுகிறேன் என்று சொல்ல முடியாது. முடித்த அதே வருஷம் டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த நாவலின் கடைசியில் ஒரு முடிவுரை இருக்கிறது, நிறைய பேர் அதைப் படிக்காமலே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கதையைத் திடீரென்று முடித்துவிட்டீர்களே, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டதற்கு அதில்தான் பதில் சொல்கிறார். சரித்திரக் கதையை எங்கே நிறுத்துவது என்பதையும் விளக்கிவிட்டு, முக்கியமான ஆட்களுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்று சொல்லிக்கொண்டே போகிறார். இது வாசகருக்குப் போட்ட பதில் கடிதம், நாவலோடு சேர்த்து அச்சாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் எதற்குப் பதில் சொன்னாரோ அந்தக் கடிதங்கள்? அவை நம் கையில் இல்லை. ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்கிற டெலிபோன் மாதிரி ஆகிவிட்டது. இந்த நாவல் கல்கியில் திரும்பத் திரும்பத் தொடராக வந்தது, ஒவ்வொரு முறையும் எங்கள் கடைக்குக் கட்டுகள் வந்தன. பாட்டி வைத்திருந்த கட்டு இருந்தும் பேத்தி புதிதாகச் சேர்த்துக் கட்டிய வீடுகள் எனக்குத் தெரியும். படத்துக்காக என்பார்கள். ஓரம் வெட்டும்போது படத்தின் விளிம்பு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கடையில் நின்று திட்டுவார்கள்.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' மணிவண்ணன் என்ற பெயரில் அதே கல்கியில் வந்தது. பிறந்த பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று அதன் கதாபாத்திரங்களின் பெயரையே வைத்தார்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு அரவிந்தன் உண்டு, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டான். (பின்னால் இது தூர்தர்ஷனில் நாடகமாக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின்.) பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டு அந்த எழுத்தாளருக்கு ஒரு கார்டாவது போடாமல் இருந்திருப்பார்களா?

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஜெயகாந்தன் விஷயம். 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்தவள் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாயிட்டேடி, யாரிடமும் சொல்லாதே என்கிற மாதிரி முடியும். அதற்குக் கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தாய் இப்படிச் சொல்வாளா, பெண்கள் கெட்டுப்போக வழிகாட்டுகிறாயா என்று. நான் அப்போது சின்னப் பையன், கடையில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தவன். ஆனால் அந்தச் சண்டை எங்கள் கடை பெஞ்சிலும் நடந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பாவின் நண்பர் ஒருவர், கணக்குப்பிள்ளை, விகடனைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நடுங்கினார், கோபத்தில்.

வேறு எழுத்தாளராக இருந்தால் ஒரு மறுப்புக் கட்டுரை எழுதியிருப்பார், இல்லாவிட்டால் பேசாமல் இருந்திருப்பார். ஜெயகாந்தன் என்ன செய்தார்? சரி, உங்கள் ஆசைப்படியே அந்த அம்மா தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டிக் கத்தியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் பாருங்கள் என்று ஒரு நாவலே எழுதிவிட்டார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் தொடராக வந்தது. அதில் கங்கா என்கிறவளை அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான், அவள் படித்து வேலைக்குப் போகிறாள். ஒரு நாள் பத்திரிகையில் ஆர்.கே.வி. என்கிற எழுத்தாளர் எழுதிய ஒரு கதையைப் படிக்கிறாள். கதையின் பெயர் அக்கினிப் பிரவேசம். இது என் கதையாச்சே, ஆனால் என் அம்மா இந்த மாதிரித் தண்ணீர் ஊற்றவில்லையே என்று அவளுக்குத் தெரிகிறது. யோசித்துப் பாருங்கள், தன் கதையைப் படித்த வாசகியையே கதாநாயகி ஆக்கி, அந்தக் கதையையும் எழுத்தாளரையும் நாவலுக்குள் தூக்கிப் போட்டிருக்கிறார். இதற்கு சாகித்ய அகாதமி விருது 1972இல் கிடைத்தது, படமாகவும் வந்தது. அந்த நாவல் எதிலிருந்து முளைத்தது? ஆத்திரப்பட்டு எழுதிய வாசகர் கடிதங்களிலிருந்து. அந்தக் கணக்குப்பிள்ளையும் ஒரு கடிதம் எழுதிப் போட்டார், எனக்குத் தெரியும். அது எந்தக் கூடைக்குப் போயிற்றோ.

ஜெயகாந்தனுடைய ஒரு நாளைப் பற்றி எழுதச் சொன்னால் உங்கள் நிருபர் என்ன எழுதுவார்? பல சமயம் அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார், சுற்றி எப்போதும் சபை கூடியிருக்கும் என்று எழுதுவார். அதுவும் உண்மைதான். ஆனால் சண்டைக்கு ஆள் வேண்டும் அவருக்கு, அவருடைய முன்னுரைகளைப் படித்தவர்களுக்கு அது தெரியும். எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேசுகிற வாசகர் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டுதான் அவற்றை எழுதியிருக்கிறார்.

வாசகர் என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டு, ஓட்டுப்பதிவு இயந்திரம் உருவான வேலையிலும் இருந்துகொண்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று பத்திரிகைக்குத் தொடர் எழுதியவர். குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்று 1857 கலகத்தை வைத்து அவர் ஆரம்பித்த தொடரை ஒரு சாதிக்காரர்கள் எதிர்த்துக் கிளம்பியதால் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பின்னால் 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு மாதிரி எழுதி முடித்தார். நிறுத்தப்பட்ட அந்தச் சில வாரங்களை மட்டும் ஒருவர் கட்டிக் கொடுக்கச் சொல்லிக் கொண்டுவந்தார், அவ்வளவு ஒல்லியான புத்தகத்தை நான் கட்டியதில்லை. பெருமாள்முருகனுக்கு நடந்தது உங்கள் பத்திரிகையிலேயே வந்ததுதான். 'மாதொருபாகன்' வெளிவந்து நாலு வருஷம் கழித்துத் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும்படி ஆகி, 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லித்தான் அவர் திரும்பவும் எழுத வந்தார். கூட்டமாக வந்து மிரட்டுகிறவரை வாசகர் கணக்கில் சேர்க்கலாமா என்பது எனக்குச் சந்தேகம். கணக்குப்பிள்ளை கோபத்தில் நடுங்கினாலும் கதையை முழுசாகப் படித்துவிட்டுத்தான் நடுங்கினார். ஒரு கார்டில் தன் கையெழுத்தையும் விலாசத்தையும் போட்டுத்தான் திட்டினார்.

கடிதமே வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மதுரையிலேயே ஆள் இருந்தார். பா. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர். இளவயதில் இந்தோனேசியாவுக்குப் போய் மெடானில் வேலை பார்த்து, யுத்தத்தையும் ஜப்பான்காரனையும் நேரில் பார்த்துவிட்டுத் திரும்பியவர். அப்புறம் மதுரை தினத்தந்தியில் நாற்பது வருஷத்துக்கும் குறையாமல் வேலை. குடும்பம் கிடையாது, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஒரு அறை. எழுதியது இரண்டே நாவல். 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு வாங்கியது. 'புயலிலே ஒரு தோணி' எழுதிப் பல வருஷம் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து, 1972இல்தான் புத்தகமாக வந்தது. அதுவும் அவர் எழுதியது முழுசாக வரவில்லை. அது தொடராக வந்ததில்லை, ஆகவே வாரா வாரம் படித்தவர் இல்லை, கடிதம் போட்டவர் இல்லை. இன்றைக்குத் தமிழின் பெரிய நாவல் எது என்று பட்டியல் போடுகிறவர்கள் அதைச் சேர்க்காமல் விடுவதில்லை. ஆனால் அந்த மனிதர் அதற்கப்புறம் நாவல் எழுதவே இல்லை. கடைசிக் காலத்தில் தேடிப் போன இலக்கியக்காரர்களிடமும் அவர் பெரிதாக ஒட்டவில்லை. 1997இல் இறந்தார், சேர்த்து வைத்திருந்த பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டு.

விடிகாலை எழுந்திருக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததா, ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை எழுதினார் என்பதெல்லாம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. மதுரையில் அத்தனை லெண்டிங் லைப்ரரி இருந்தது, அத்தனை பேர் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்தோம், எங்களில் ஒரு பத்துப் பேர் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு அந்த விடுதி விலாசத்துக்கு ஒரு கார்டு போட்டிருந்தால் மூன்றாவதாக ஒரு நாவல் வந்திருக்குமோ என்னவோ. வராமலும் போயிருக்கலாம், ஒருத்தர் எதற்கு எழுதுகிறார் எதற்கு நிறுத்துகிறார் என்பதை யார் கண்டது. ஆனாலும் அந்த விடுதியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இது தோன்றாமல் இருப்பதில்லை.

உங்கள் கட்டுரையில் எல்லோருக்கும் நல்ல மேசை இருந்தது. அசோகமித்திரன் தி. நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். ஜெமினி ஸ்டுடியோவில் பத்திரிகைகளில் வருகிற சினிமாச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்க்கிற வேலையில் இருந்தவர். நாள் முழுக்கத் தாளைக் கிழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, இவருக்கு வேலையே இல்லை என்று மற்றவர்கள் நினைத்தார்கள் என்று அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். 1966இல் அந்த வேலையை விட்டுவிட்டு எழுத்தை நம்பியே குடும்பம் நடத்தினார். எழுத்தாளரின் வேலை நாள் என்று எழுதுகிறவர்கள் மாதக் கடைசியைப் பற்றியும் ஒரு வரி கேட்டால் என்ன?

ராஜம் கிருஷ்ணன் இன்னொரு விதம். பதினைந்து வயதில் கல்யாணமாகி, வீட்டு வேலைகளுக்கு நடுவில் எழுத ஆரம்பித்தவர். ஒரு நாவல் எழுத வேண்டுமென்றால் அந்த ஜனங்கள் இருக்கும் இடத்துக்கே போய்விடுவார், டேப் ரெக்கார்டரும் கையுமாக. தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய் 'கரிப்பு மணிகள்' எழுதினார். நீலகிரிப் படகர்களைப் பற்றிக் 'குறிஞ்சித் தேன்', கடற்கரை மீனவரைப் பற்றி 'அலைவாய்க் கரையில்', சிவகாசித் தீப்பெட்டி வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றிக் 'கூட்டுக் குஞ்சுகள்'. 'கரிப்பு மணிகள்' கட்ட வந்தபோது நான் நாலு பக்கம் தைப்பேன், நாலு பக்கம் படிப்பேன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று காலில் புண் வைத்த பெண்களைப் பற்றி வரும் இடத்தில் கட்டு தாமதமாகிவிட்டது. இவருக்கு வாசகரோடு உள்ள தொடர்பு எழுதுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. உப்பளத்துக்காரர்கள் எல்லோரும் நாவல் படித்தார்களா என்று கேட்பீர்கள். படித்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் அவர்கள் பேசியதை உட்கார்ந்து கேட்ட நேரமும் அந்த அம்மாவின் வேலை நேரம்தானே. அதை எந்த வார்த்தைக் கணக்கில் சேர்ப்பது? அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய நூல்களை 2009இல் அரசு நாட்டுடைமை ஆக்கியது. அப்போது அவர் முதியோர் இல்லத்தில் இருந்தார். 2014இல் இறந்தார்.

இப்போது என் கோரிக்கை. நூலகங்களும் ஆய்வாளர்களும் எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியைத் தேடுகிறார்கள், முதல் பதிப்பைத் தேடுகிறார்கள், ரொம்ப நல்ல காரியம். எழுத்தாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களும் புத்தகமாக வந்திருக்கின்றன. கு. அழகிரிசாமி தனக்கு எழுதியவற்றை இடைசெவலில் இருந்த கி. ராஜநாராயணன் பத்திரமாக வைத்திருந்து வெளியிட்டார். அந்த ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் சங்கீதம், சாப்பாடு, புத்தகம் என்று என்னென்ன பேசியிருக்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம். ஆனால் பேர் தெரியாத வாசகர் எழுதிய கடிதம்? எழுத்தாளர் இருக்கிற வரைக்கும் ஒரு டிரங்குப் பெட்டியிலோ அட்டைப்பெட்டியிலோ இருக்கும். அவர் போனபின் வீடு மாறும்போது, வெள்ளையடிக்கும்போது, பழைய பேப்பர்காரருக்குப் போய்விடும். இன்லண்டு லெட்டர் எடைக்கு நல்ல விலைகூட வராது. குடும்பத்தாரைக் குறை சொல்லவில்லை, யாரும் அவர்களிடம் அது வேண்டும் என்று கேட்டதில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் போர்டு எழுதும் ஓவியர். அவர் புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஊர் குப்பை என்று எறிந்ததையெல்லாம் சேர்த்து வைத்தார், இன்று சென்னையில் அவர் பெயரில் உள்ள நூலகத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கல்யாணப் பத்திரிகையே சரித்திரமாகும்போது, ஒரு கணக்குப்பிள்ளை ஜெயகாந்தனைத் திட்டி எழுதிய கார்டு ஆகாதா? எழுத்தாளர்கள் தி.க.சி.யும் வல்லிக்கண்ணனும் எத்தனை ஊர்களுக்குக் கார்டு போட்டார்கள், அதெல்லாம் வாங்கியவர்கள் கையில் இன்னும் இருக்கும், வாங்கியவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் நாவல் படித்த அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுத்தாளருக்கே எழுதிவிடுகிறார்கள், பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன் மாற்றினால் அதுவும் போச்சு. பரணில் கிடந்த கார்டாவது முப்பது வருஷம் தாங்கியது.

உங்கள் பத்திரிகையையும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு இணைப்பில் தொடர்கதை போட்ட காலத்தில் உங்களுக்கும் வாசகர் கடிதம் மூட்டை மூட்டையாக வந்திருக்கும். அச்சானது நாலு. மீதி எங்கே? ஏதாவது கிட்டங்கியில் ஒரு மூட்டையாவது மிஞ்சியிருந்தால் எலி தின்பதற்குள் ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்தமுறை நாவலாசிரியர்களைப் பேட்டி எடுக்கும்போது பேனாவைப் படம் எடுத்துவிட்டு, அப்படியே அந்தக் கடிதப் பெட்டியையும் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். திட்டி வந்த கடிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள், அதைத்தான் அவர்கள் மறைப்பார்கள்.

அப்புறம், கடிதங்களைப் பைண்டு செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து பஞ்ச் போட்டு ஃபைலில் மாட்டாதீர்கள், லேமினேட்டும் வேண்டாம். இன்லண்டில் ஜனங்கள் இடம் போதாமல் மடிப்பு ஓரத்திலும் எழுதியிருப்பார்கள், நேராகத் தைத்தால் அந்த வரிகள் தையலுக்குள் போய்விடும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தாள் பட்டை ஒட்டி, அந்தப் பட்டையில்தான் ஊசி போக வேண்டும். மைதா பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது, ஆனால் அது எழுத்து மேல் படக்கூடாது. கடையை மகன் ஜெராக்ஸ் கடையாக மாற்றிவிட்டான் என்றாலும் தையல் சட்டமும் ஊசியும் என்னிடம்தான் இருக்கின்றன. எந்த எழுத்தாளர் வீட்டிலாவது அப்படி ஒரு பெட்டி இருந்தால் உங்கள் அலுவலகம் மூலமாகச் சொல்லி அனுப்பட்டும். அட்டைக்கும் காலிகோ துணிக்கும் ஆகும் செலவைக் கொடுத்தால் போதும், கூலி வேண்டாம். படித்துவிட்டுத்தான் தருவேன், அதனால் கொஞ்சம் தாமதமாகும்.

இப்படிக்கு,
ஒரு பழைய பைண்டர்,
மதுரை